கொண்டு வரவா, கொண்டு போகவா?

கேள்வி: சார், பிரிங், டேக் ரெண்டுமே ஒரு பொருளை கையில எடுக்கிறதுதானே? மேனேஜர் ஃபோன்ல ஃபைல் எங்கன்னு கேட்டாரு, நான் "ஐ வில் டேக் இட் டு யூ"ன்னு சொல்லிட்டேன், பக்கத்து சீட்டுல ஒரே சிரிப்பு. என்ன தப்பு?

பதில்: சிரிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க. டேக்னா "எடு"ன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டோம்ல, அதுல வந்த வினை. பிரிங்னா கொண்டு வா, டேக்னா கொண்டு போ, இப்படி வச்சுக்குங்க. மேனேஜர்கிட்ட தமிழ்ல என்ன சொல்லுவீங்க, "இதோ கொண்டு வரேன் சார்"னுதானே, "உங்ககிட்ட கொண்டு போறேன்"னு வாய்ல வருமா? அப்போ இங்கிலீஷ்லயும் பிரிங்தான். பேசுறவர் பக்கம், கேக்கிறவர் பக்கம் ரெண்டுக்கும் பிரிங், அதே ஃபைல் ஆடிட்டர்கிட்ட போகணும்னா டேக்.

இந்த கணக்கு நமக்கு புதுசே இல்ல, தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கிற இயல்ல வா, தா ரெண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு ரெண்டும் படர்க்கைக்கும்னு பிரிச்சு வச்சிருக்கு. எனக்குத் தா, உனக்குத் தரேன், அவனுக்குக் கொடு. முதல்முறை படிச்சப்போ அட, பிரிங்கும் டேக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்னு தோணுச்சு. ஒண்ணு மட்டும் மாறும், நம்ம ஊட்டுல தம்பின்னா கூட்டிட்டு வருவோம், பைன்னா எடுத்துட்டு வருவோம், இங்கிலீஷ்காரங்களுக்கு தம்பியும் பையும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் பிரிங்.

இறந்தகாலத்துல பிரிங், ப்ராட் ஆகும், "பிராங்" கிடையாது. அந்த ப்ராட்ல "ர"வை முழுங்கிட்டா பாட், அதாவது காசு குடுத்து வாங்கினேன்னு ஆயிடும், கேக்கை சும்மா தூக்கிட்டு வந்தவர் பில் கட்டினவர் ஆயிடுவார். டேக்குக்கு டுக், ஹேவ் போட்டா டேக்கன். மாத்திரை, ஃபோட்டோ, பத்து நிமிஷம் ஆகும்ங்கிறது, இதுக்கெல்லாம் டேக்தான், அங்க வர்றது போறது பார்க்க வேணாம்.

கேள்வி: அப்போ ஃப்ரெண்ட் பர்த்டேக்கு கிஃப்ட் பிரிங்கா, டேக்கா?

பதில்: யார்கிட்ட பேசுறீங்க? ஃப்ரெண்ட்கிட்டன்னா "ஐ வில் பிரிங் எ கிஃப்ட்", கிளம்புறப்போ அம்மாகிட்டன்னா "ஐ ஆம் டேக்கிங் எ கிஃப்ட்". அதே கிஃப்ட்தான்.