‘நொண்டிச் சாக்கு’ என்று சொல்லலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரரை, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் ‘நொண்டி டெய்லர்’ என்றே சொல்கிறார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. இதை மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், செல்லூர்)

அவர் கோபித்துக்கொள்ளாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இயலாது. உங்கள் தெருவார் கொடுக்கும் தையல் கூலியில் குடும்பம் நடத்துபவர், வாடிக்கையாளர்களிடம் முகம் சுளிக்க எப்படித் துணிவார்? வழி சொல்வதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையார் கோயிலை ஒட்டிய டெய்லர் என்றாலும், ரேஷன் கடைக்கு எதிரே உள்ள டெய்லர் என்றாலும் வருகிறவர் கடையைக் கண்டுபிடித்துவிடுவார். உடல்நிலையைச் சொல்லியே ஆகவேண்டிய இடமும் உண்டு. அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி கூப்பிடும்போது, “ஊன்றுகோல் வைத்து நடப்பவர், படி ஏறுவது சிரமம்” என்பது ஓட்டுநருக்குத் தேவையான தகவல்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது (பிரிவு 92). உங்கள் தெருவின் பழக்கத்தில் அந்த நோக்கம் இல்லை என்பதை நான் ஏற்கிறேன். நோக்கம் எதுவும் இல்லாத சொல்லைக் கைவிடுவதில் சிரமமும் இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் குலதெய்வத்தின் பெயரே நொண்டிக் கருப்புதான். அதையும் மாற்றச் சொல்வீர்களா? (வாசகர், மேலூர் வட்டம்)

மாட்டேன். அங்கே அது பயபக்தியோடு சொல்லப்படும் பெயர். சாமியைக் குறைத்துப் பேசுவதற்காக எவரும் அதைச் சொல்வதில்லை. சாமிக்கே அந்தப் பெயர் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரரை அழைப்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் காட்டாதீர்கள். சாமிக்குச் செய்கிற மரியாதையில் பாதியைக்கூட நாம் அவருக்குச் செய்வதில்லை.

கேள்வி: வகுப்பில் ‘குருட்டு மனப்பாடம்’, ‘நொண்டிச் சாக்கு’, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ போன்றவை வாயில் தானாக வந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் விட்டால் தமிழே வறண்டுவிடாதா? (ஆசிரியை, திருமங்கலம்)

வறளாது; இவற்றைவிடக் கூர்மையான சொற்கள் நம்மிடமே ஏராளமாக இருக்கின்றன. நொண்டிச் சாக்குக்குச் ‘சப்பைக்கட்டு’ இருக்கிறது, ‘சாக்குப்போக்கு’ இருக்கிறது. பொருள் புரியாமல் ஒப்பிப்பதை ‘நெட்டுரு’ என்றே சொல்லலாம். சங்கு ஊதுவதற்குப் பதில் ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்றால், வீணாய்ப் போனது உங்கள் உழைப்பு என்ற பொருள் இன்னும் துல்லியமாக விழும். ‘குருட்டாம்போக்கில் விடை எழுதினான்’ என்பதற்கு, ‘தோன்றியதை எழுதினான்’ என்பது போதும்.

இந்தத் தொடர்கள் எல்லாவற்றிலும் ஒரே வேலை நடக்கிறது: சோம்பல், அலட்சியம், பிடிவாதம் என்று மனிதர்கள் தாமாகச் செய்யும் தவறுகள், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் உடல்நிலையின் கணக்கில் எழுதப்படுகின்றன. உங்கள் மாணவன் காது நன்றாகக் கேட்டும் கேளாதவன்போல் இருக்கிறான். பழியோ, காதொலிக் கருவியோடு மூன்றாவது பெஞ்சில் அமர்ந்து உங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைமேல் விழுகிறது.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், எல்லாச் சொல்லையும் ஒதுக்கவேண்டியதில்லை என்பதும் விளங்கும். கண்ணை மூடிக்கொள்வது எவரும் தம் விருப்பப்படி செய்யக்கூடியது என்பதால், ‘கண்மூடித்தனம்’ என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘போக்குவரத்து முடங்கியது’ என்பதும் அப்படியே.

கேள்வி: எங்கள் சங்கத்தின் பெயர்ப் பலகையில் ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளிகள், திவ்யாங் என்பவற்றுள் எதை எழுதுவது? (சங்கச் செயலாளர், உசிலம்பட்டி)

‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதுங்கள். கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 2010இல் தமிழக அரசு இச்சொல்லை ஏற்றது. இன்று பேருந்து இருக்கை முதல் அடையாள அட்டை வரை அதுவே வழங்குகிறது. ஊனத்தை ஈடுகட்ட வேறொரு திறமை இருந்தாக வேண்டும் என்று இச்சொல் எதிர்பார்ப்பதாக ஒரு விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருந்தாலும், சொல் அவமதிப்பதற்காகப் பிறந்ததன்று. 2015 டிசம்பரில் பிரதமர் முன்வைத்த ‘திவ்யாங்’, உறுப்புக்குத் தெய்வத்தன்மை ஏற்றுகிறது. சாய்தளம் கேட்பவருக்குத் தெய்வத்தன்மையால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுவதால், இயன்ற இடத்தில் குறிப்பாகச் சொல்வதே நல்லது. பார்வையற்றோர் பலர் தம்மைப் பார்வையற்றோர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களைத் திருத்த நாம் முற்பட வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது. உறவினர்கள் அவனை “மனநிலை சரியில்லாத பையன்” என்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளோ ஒருவரையொருவர் ‘லூசு’, ‘பைத்தியம்’ என்று விளையாட்டாகத் திட்டுகிறார்கள். நான்தான் மிகைப்படுத்துகிறேனா? (ஒரு தாய், கே.கே. நகர்)

இல்லை. உறவினர்கள் சொல்வது முதலில் தகவல் பிழை. அறிவுசார் குறைபாடு என்பது கற்பதிலும் அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் சிறு வயதிலிருந்தே காணப்படும் குறைபாடு. மனநோய் எந்த வயதிலும் வரக்கூடியது, சிகிச்சைக்கு உரியது. சட்டமும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. “அவனுக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும், சித்தி, மெதுவாகச் சொல்லுங்கள்” என்று நீங்கள் சொன்னால், பெயரும் வந்துவிடும், பழகும் முறையும் வந்துவிடும்.

‘பைத்தியம்’ என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள நம் பகுதியில் வாழ்பவர்களுக்குக் கூடுதல் தயக்கம் இருக்கவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோய்க்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். பைத்தியம் என்று முத்திரை விழுந்தவரின் பேச்சுக்கு வீட்டில் எவரும் காதுகொடுப்பதில்லை. சங்கிலி அதற்குப் பிறகு வருவது. பிள்ளைகள் திட்டத்தான் வேண்டும் என்றால், “என்ன யோசிக்காமல் பேசுகிறாய்” என்று திட்டட்டும்.

கேள்வி: அரவிந்த் கண் மருத்துவமனை நிறுவனர் டாக்டர் வெங்கடசாமியைப் பற்றிய மலருக்கு ‘ஊனத்தை வென்ற மாமனிதர்’ என்று தலைப்பிட்டேன். நண்பர் தவறு என்கிறார். (வாசகர், அண்ணா நகர்)

நண்பர் பக்கம் நிற்கிறேன். முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. அது கடைசிவரை மாறவில்லை. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பயின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். 1976இல் ஓய்வுபெற்ற பின் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். இதில் எதைப் போட்டாலும் தலைப்பாகும்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் பணிபுரியும் ஒருவருக்குக் காது கேட்காது. வாடிக்கையாளர்கள் ‘ஊமை’ என்கிறார்கள். என்ன சொல்லித் திருத்துவது? (கடை மேலாளர், டவுன் ஹால் ரோடு)

“அவருக்குக் காது கேட்காது, நேரே பார்த்துக் கையால் காட்டுங்கள், புரிந்துகொள்வார்” என்று சொல்லுங்கள். சைகை மொழியில் பேசுபவரைப் பேச்சற்றவர் என்பது பொருந்தாது. கல்லாவில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். வாடிக்கையாளர் உங்களிடம் திரும்பி “இவரிடம் கேளுங்கள்” என்றால், கேள்வியை அந்தப் பணியாளர் பக்கமே திருப்பிவிடுங்கள்.