நேரப் பந்தயத்துக்குச் சாதாரண ரோடு பைக் போதுமா?

கேள்வி: என்னிடம் ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) ஒன்று உள்ளது. ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வெற்றி முடிவாகும் தனிநபர் நேரப் பந்தயங்களில் கலந்துகொள்ள விரும்புகிறேன்; அதற்கென வேறு சைக்கிள் வாங்க வசதியில்லை. குறைந்த செலவில் எதை முதலில் மாற்றலாம்?

பதில்: இருக்கும் சைக்கிளே போதும். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உங்களைப் பின்னிழுப்பது பெரும்பாலும் காற்றுதான். அதில் அதிகப் பங்கு சைக்கிளால் அன்று, ஓட்டுபவரின் உடலால் வருகிறது. ஆகவே முதல் செலவு, இருக்கும் ஹேண்டில்பாரிலேயே பொருத்தக்கூடிய, கைகளை முன்னே நீட்டி உடலைத் தாழ்த்தி ஓட்ட உதவும் ஏரோ பாருக்கு ஆகட்டும். பல நாட்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், 1989-இன் இறுதி நாளன்று, வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயத்தை 50 விநாடிகள் பின்தங்கிய நிலையில் தொடங்கிய கிரெக் லெமாண்ட், முழங்கைகளை ஊன்றிக்கொள்ளும் இத்தகைய பாருடன் ஓட்டி, லோரான் ஃபின்யோனை மொத்த நேரக் கணக்கில் 8 விநாடிகளில் வென்றார்.

பாரைப் பொருத்தியதும் உடல் தாழ்ந்து, மிதிக்கும்போது தொடை வயிற்றை நெருங்கும். இருக்கையைச் சற்று முன்தள்ளிச் சிறிதே உயர்த்தினால் இடுப்புக்கு இடம் கிடைக்கும். ஹேண்டில்பார் கார்பனாக இருந்தால், அதில் ஏரோ பார் பொருத்தத் தயாரிப்பாளர் அனுமதித்துள்ளாரா என்று பார்த்த பிறகே திருகை முடுக்குங்கள். அடுத்து உடலோடு ஒட்டிய ஆடை. கம்பிகள் தெரியாமல் முழுத் தட்டாக மூடியிருக்கும் டிஸ்க் சக்கரம் கடைசியில் வரட்டும். ஏரோ பாரைப் பிடித்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது என்பதால், வாகன நடமாட்டமில்லாத சாலையில் நன்கு பழகிய பின்னரே பந்தயத்துக்குச் செல்லுங்கள்.