எரிமலை மேல் சூரிய உதயம்: புதுச்சேரியிலிருந்து எப்படித் திட்டமிடுவது?

அறுபதைத் தொட்ட பெற்றோரோடு இந்தோனேசியா போய், எரிமலை மேல் விடியலைப் பார்க்க வழிகாட்டியை எப்படி அமர்த்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவர்கள் முழங்காலைக் கேளுங்கள், அப்புறம் மலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜாவா தீவின் கிழக்கிலுள்ள புரோமோ எரிமலையில் காட்சிமுனைக்குப் பக்கம் வரை ஜீப் போய்விடும். அவர்களுக்கு அது போதும். பாலித் தீவின் பத்தூர் எரிமலை 1,717 மீட்டர். டார்ச் வெளிச்சத்தில் சுமார் 2 மணி நேர ஏற்றம். கிழக்கு ஜாவாவின் இன்னொரு எரிமலையான ஈஜென்னில், கந்தக வாயு எரியும் நீல நெருப்பைப் பார்க்க நள்ளிரவு தாண்டியதுமே நடக்க வேண்டும். அங்கே வரும் கந்தகப் புகைக்கு முன்னால் தீபாவளிப் புகையெல்லாம் சும்மா. ஆஸ்துமா இருந்தால் வேண்டவே வேண்டாம். மற்றவர்கள், வாயு முகமூடி தருவாரா என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மூங்கில் கூடையில் 70 கிலோ கந்தகத்தைத் தோளில் சுமந்தபடி தொழிலாளர்கள் எதிரே வருவார்கள், ஒதுங்கி வழிவிடுங்கள்.

புரோமோ, ஈஜென், பிறகு படகில் பாலிக்குக் கடந்து பத்தூர் என்ற வரிசை அலைச்சலைக் குறைக்கும். தயார் பேக்கேஜ்களில் அடுத்தடுத்த இரவுகளில் தூக்கம் போய்விடும்; நடுவே ஓய்வுநாள் ஒன்று கேட்டு வாங்குங்கள். எரிமலை எச்சரிக்கை நிலை உயர்ந்து மலையை மூடினால் மாற்று என்ன, பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை குறைவு. போகுமுன் நாலு ஞாயிறு செஞ்சி ராஜகிரியில் ஏறிப் பாருங்கள். கடற்கரைச் சாலை நடையெல்லாம் பயிற்சி ஆகாது. ஸ்வெட்டர் மறக்காதீர்கள், விடியற்காலைப் புரோமோ குளிருக்கு முன்னால் நம் ஊர் மார்கழி ஒன்றுமே இல்லை.