கோத்தா குடும்பம் அற்றுப்போன கதை

கேள்வி: நுவரெலியா விக்டோரியா பூங்காவைப் பற்றி எழுதத் தகவல் தேடியபோது, மகாராணியின் கணவர் அல்பர்ட் 'சக்ஸ-கோபர்க் கோத்தா' குடும்பத்தவர் என்று படித்தேன். இரண்டு ஊர்ப் பெயர்கள் சேர்ந்து வருவது ஏன்? கோத்தாவுக்குத் தனிக் குடும்பம் இருந்ததா?
– மாணவி, ஹட்டன்

பதில்: இருந்தது. அல்பர்ட் 1819இல் பிறந்தபோது அவருடைய தந்தையின் குடும்பத்துக்குக் கோபர்க்-சால்ஃபெல்ட் என்றுதான் பெயர்; கோத்தா அவருடைய தாய் லூயிஸின் பிறந்தகம்.

வெட்டின் என்னும் பழைய ஜேர்மானிய அரச குலத்தின் கிளையொன்றில் வந்த ஏர்ன்ஸ்ட் கோமகன் 1675இல் இறந்தார். காணியைப் பங்கிடுவது போல அவருடைய ஏழு மகன்மாரும் 1680இல் நாட்டைப் பிரித்துக்கொண்டனர். மூத்தவருக்குக் கோத்தாவும் அல்டன்பர்க்கும் கிடைத்தன. ஏழு பங்குகளில் கோபர்க், ஐசன்பர்க், ரோம்ஹில்ட் ஆகிய மூன்றும் 1710க்குள் வாரிசின்றி முடிந்தன; அவற்றில் கோபர்க் பின்னர் சால்ஃபெல்ட் கிளையிடம் சேர்ந்தது. கோத்தாவோ செழித்தது. அங்கே பிறந்த அவுகுஸ்தா இளவரசி பிரித்தானிய முடிக்குரிய இளவரசரை 1736இல் மணந்தார். 1815இல் கண்டி இராச்சியம் யாருடைய ஆட்சியின்கீழ் வந்ததோ, அந்த மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் இவருடைய மகனே. மலையகத்தில் இருந்து கேட்கும் உங்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லூயிஸின் தந்தை அவுகுஸ்ட் கோமகன் 1822இல் இறந்தார். அவருக்குப் பின் ஆண்ட தம்பி நான்காம் ஃபிரெடெரிக்கும் 1825 பெப்ரவரி 11ஆம் திகதி மகப்பேறின்றி இறந்ததும் 'குடும்பம் அற்றது' என்று எழுதிவிட்டார்கள். அப்போது லூயிஸ் உயிரோடுதான் இருந்தார், இரண்டு மகன்மாரும் இருந்தனர். ஆண்வழியை மட்டுமே வாரிசாகக் கொண்ட அந்த வழக்கு அவரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

எஞ்சிய உறவுக் குடும்பங்கள் சாக்சனி மன்னரின் மத்தியஸ்தத்தில் 1826 நவம்பரில் நாடுகளை மாற்றிக்கொண்டன: கோபர்க் கோமகன் சால்ஃபெல்டைக் கொடுத்துக் கோத்தாவைப் பெற்றார்; ஹில்ட்பர்க்ஹவுசன் கோமகன் தம் நாட்டை விட்டு அல்டன்பர்க்குக்குப் போனார்; அவர் விட்ட நாடும் சால்ஃபெல்டும் மைனிங்கன் கோமகனுக்குச் சேர்ந்தன. நீங்கள் படித்த இரட்டைப் பெயர் அன்று பிறந்ததே.

அதே ஆண்டில் லூயிஸுக்கு மணவிலக்கு ஆனது. அல்பர்ட்டுக்கு ஐந்து வயதாக இருந்தபோதே கோபர்க்கை விட்டு அனுப்பப்பட்ட அவர், 1831இல் பாரிஸில் இறந்தார். அவருடைய பிறந்தகத்தின் பெயரோ, மகன் வழியாகப் பிரித்தானிய அரச குடும்பத்தை அடைந்து, 1917இல் அக்குடும்பம் வின்ட்சர் என்று பெயர் மாற்றிக்கொள்ளும் வரை வழங்கியது.