ஐந்து வளையம், ஆறு நிறம்

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் விளையாட்டுக் கேள்விகளை ஆசிரியர் குழு என்னிடம் தள்ளிவிடுவது வழக்கம். இந்த முறை வந்ததெல்லாம் ஒலிம்பிக் கொடியைப் பற்றியே.

கேள்வி: கொடியில் நீலம் ஐரோப்பா, மஞ்சள் ஆசியா, கறுப்பு ஆப்பிரிக்கா, பச்சை ஆஸ்திரேலியா, சிவப்பு அமெரிக்கா என்று மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. வினாடி வினாவில் அப்படியே சொன்னாள், மதிப்பெண் தரவில்லை. எது சரி?

பதில்: மகளைத் திட்டாதீர்கள். அவள் சொன்னதை ஒரு காலத்தில் ஒலிம்பிக் குழுவின் கையேடே சொல்லிக்கொண்டிருந்தது. 1951இல்தான் நீக்கினார்கள். கொடியை வடிவமைத்தவர் அப்படி நினைத்ததற்குச் சான்று இல்லை என்பதே காரணம்.

வடிவமைத்தவர் பியர் தெ கூபெர்த்தன், நவீன ஒலிம்பிக்குக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சுக்காரர். 1913இல் தான் எழுதிய கடிதம் ஒன்றின் உச்சியில் ஐந்து வளையங்களைக் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டினார். அந்த ஆகஸ்டில் ஒலிம்பிக் சஞ்சிகையில் விளக்கமும் எழுதினார். ஐந்து வளையங்கள் உலகின் ஐந்து பகுதிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த நிறத்தையும் எந்தக் கண்டத்துக்கும் அவர் எழுதிவைக்கவில்லை. பின்னணி வெள்ளையையும் சேர்த்து நிறங்களை ஆறாக எண்ணினார். அன்றைய எல்லா நாட்டுக் கொடிகளின் நிறங்களும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. சுவீடனின் நீலமும் மஞ்சளும், கிரேக்கத்தின் நீலமும் வெள்ளையும், ஸ்பெயினின் மஞ்சளும் சிவப்பும் என்று அடுக்கிக்கொண்டே போய், ஜப்பானையும், அப்போதுதான் குடியரசாகியிருந்த சீனாவையும் சேர்த்திருக்கிறார்.

எனக்கு இதுதான் உயர்ந்த எண்ணமாகப் படுகிறது. ஆசியாவுக்கு மஞ்சள், ஆப்பிரிக்காவுக்குக் கறுப்பு என்றால் மனிதர்களைத் தோலைப் பார்த்துப் பிரித்த மாதிரி ஆகிவிடும். கூபெர்த்தன் சொன்னபடி பார்த்தால், எந்த நாட்டு வீரரும் தன் கொடியின் நிறத்தை அதில் எங்காவது கண்டுகொள்ளலாம். ஆனால் அவர் எண்ணிய 'எல்லா நாடுகள்' சின்ன உலகம்தான். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி அப்போது அந்நியர் ஆட்சியில் இருந்தது, சொந்தக் கொடிக்கே வழியில்லை. பின்னால் வந்த கொடிகளில் நம் காவி, கத்தாரின் மெரூன் என்று பட்டியலில் இல்லாத நிறங்களும் ஏறின. ஆனாலும் காவிக்குக் கீழே வெள்ளையும் பச்சையும் உண்டு, மெரூனுக்குப் பக்கத்தில் வெள்ளை உண்டு. மகளிடம் அட்லஸைக் கொடுத்து, ஆறில் ஒன்றுகூட இல்லாத நாட்டுக் கொடியைத் தேடச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

கேள்வி: இந்த வளையங்கள் பழங்கால கிரேக்கச் சின்னம்தானே? டெல்பியில் வளையம் செதுக்கிய கல்லின் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: கல் உண்மை, வயது பொய். 1936 பெர்லின் போட்டிக்காக முதல் தீபத் தொடரோட்டம் நடத்தியபோது, டெல்பி மைதானத்தில் ஒரு சடங்கு நடத்த கார்ல் டீம் என்ற ஜெர்மானிய அமைப்பாளர் செதுக்க வைத்தது அது. வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டார்கள். பிற்பாடு அதைப் பார்த்த அமெரிக்க எழுத்தாளர்கள் இருவர் பழங்காலத்தது என்றே நம்பிப் புத்தகத்தில் எழுத, செய்தி உலகம் சுற்றியது. வளையத்துக்குப் பூர்வீகம் தேட கிரேக்கம் வரை போக வேண்டாம். கூபெர்த்தன் இருந்த பிரெஞ்சு விளையாட்டுச் சங்கத்தின் சின்னமே பின்னிய இரண்டு வளையங்கள்தான்.

கேள்வி: முதல் கொடி திருடுபோனதாமே?

பதில்: 1914இல் பாரிஸ் மாநாட்டில் கொடி அறிமுகமானது. 1916 போட்டி உலகப் போரால் நடக்கவில்லை. அதனால் ஒலிம்பிக்கில் அது முதலில் பறந்தது 1920இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில். அந்தப் போட்டியில் டைவிங்கில் வெண்கலம் வென்ற அமெரிக்கர் ஹால் ஹெய்க் பிரீஸ்ட். நீச்சல் வீரர் டியூக் கஹானமோகு உசுப்பேற்றிவிட, கம்பத்தில் ஏறிக் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். பிறகு அது அவர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 1997இல் ஒரு விருந்தில், ஆன்ட்வெர்ப் கொடி கிடைக்கவே இல்லை என்று நிருபர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்ல, அது என்னிடம்தான் இருக்கிறது என்றாராம். 2000இல் சிட்னியில், 103 வயதில், தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். நான் இதைத் திருட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எண்பது வருடம் மடிப்புக் கலையாமல் காத்தவர் அவர்.

கேள்வி: சில வீரர்கள் தங்கள் நாட்டுக் கொடியை விட்டுவிட்டு ஒலிம்பிக் கொடியின் கீழ் போவது ஏன்?

பதில்: பல சமயம் அவர்கள் விட்டதில்லை, அவர்களுக்கு இல்லாமல் போனது. 1980 மாஸ்கோவில், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததை எதிர்த்து சில நாடுகள் தேசியக் கொடியைத் தவிர்த்தன. பிரிட்டனின் செபாஸ்டியன் கோ 1500 மீட்டரில் தங்கம் வென்றபோது ஏறியது ஒலிம்பிக் கொடி. அது நாடுகள் எடுத்த முடிவு. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நம்மவர்களுக்கு நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், ஷிவா கேசவன் உட்பட மூன்று வீரர்கள் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியின் பின்னால்தான் நடந்தார்கள். பிப்ரவரி 11இல் தடை நீங்கியது. அதற்குள் கேசவனின் லூஜ் பந்தயம், அதாவது பனிப்பாதையில் சறுக்குவண்டியில் இறங்கும் போட்டி, முடிந்துவிட்டது. நிர்வாகிகளின் தவறுக்கு வீரர்கள் மூவர்ணத்தை இழந்தார்கள். அந்த வெள்ளைக் கொடி மட்டும் இல்லையென்றால் பனியில் இறங்கவே வாய்ப்பிருந்திருக்காது. 2016 முதல் அகதிகள் அணியும் அதே கொடியின் கீழ்தான் வருகிறது. 2024இல் சிண்டி இங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்று அந்த அணிக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தார்.

கேள்வி: பள்ளி விழாவுக்குக் கொடி வரைகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மேலே மூன்று: நீலம், கறுப்பு, சிவப்பு. கீழே இரண்டு: மஞ்சள், பச்சை. நீலம் கம்பத்தின் பக்கம் வர வேண்டும். மஞ்சள் நீலத்தையும் கறுப்பையும் கோக்கும், பச்சை கறுப்பையும் சிவப்பையும் கோக்கும். பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டைவிடுவது இங்கேதான், வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். இரண்டு வளையங்கள் இரண்டு இடங்களில் சந்திக்கும். ஓரிடத்தில் மேலே போனது, அடுத்த இடத்தில் கீழே போக வேண்டும். முதலில் பென்சிலில் போட்டு, மறைய வேண்டிய துண்டை அழித்துவிட்டு அப்புறம் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஏற்றும் முன் மேலே மூன்று வளையங்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். 2024 பாரிஸ் தொடக்க விழாவிலேயே தலைகீழாக ஏற்றிவிட்டார்கள்.