மகளைப் பற்றி ஒரே ஒரு வரி

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. தங்கையுடன் சேர்ந்து சிரட்டையில் மண்சோறு சமைத்து விளையாடுகிறான். கொஞ்சம் அதட்டினாலும் அழுதுவிடுகிறான். "பெட்டைக் குணம்" என்று என் தாயார் ஏசுகிறார். வளர்ந்த பிறகும் இப்படியே இருந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. ஆறு வயது மகளால் கவலையில்லை. அடக்கமான பிள்ளை, எதற்கும் முண்டியடிக்க மாட்டாள்.
– ஒரு தந்தை, கொக்குவில்

பதில்: உங்கள் மகனுக்கு ஒரு குறையும் இல்லை. கோயில் மடைப்பள்ளியில் பொங்குபவரும் கடையில் கொத்து ரொட்டி போடுபவரும் ஆண்கள்தான். அவர்களை யாராவது பெட்டைக் குணம் என்று ஏசியதுண்டா?

அழுகைக்கு வருவோம். அமெரிக்காவில் 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு: பெட்டியிலிருந்து திடீரெனத் துள்ளி எழும் பொம்மையைக் கண்டு ஒன்பது மாதக் குழந்தை அழும் படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். ஆண் குழந்தை என்று கேள்விப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கண்டார்கள்; பெண் என்று கேள்விப்பட்டவர்கள் பயத்தைக் கண்டார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். உங்கள் தாயார் காணும் குணமும் இப்படி வந்ததே. அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் மகனின் காதில் அந்தச் சொல் இனி விழக் கூடாது.

என் கவலையெல்லாம் உங்கள் மகளைப் பற்றியது. 2017இல் அமெரிக்கச் சிறுவர்களிடம் செய்த இன்னோர் ஆய்வில், 'மிக மிகக் கெட்டிக்காரர் யார்?' என்று கேட்டபோது ஐந்து வயதுச் சிறுமிகள், சிறுவர்களைப் போலவே, தங்கள் பாலினத்தவரையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதுச் சிறுமிகளிடம் அந்த நம்பிக்கை குறைந்திருந்தது. கெட்டிக்காரருக்கான விளையாட்டு என்றதும் ஆர்வமும் குறைந்தது. உங்கள் மகளுக்கும் ஆறு வயது.

என் அக்கா பத்து வயதில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பொத்திப் பிடித்து, தானே ஒட்டுப் போடுவார். ஒரு நாள் அப்பம்மா, "பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்றார். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு அந்தச் சட்டியைத் தொடவேயில்லை. இன்று அறுபதை நெருங்குகிறார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றால், "எனக்கு இதெல்லாம் விளங்காது, தம்பி" என்று என்னைக் கூப்பிடுகிறார். அதைச் சத்தியமாக நம்புகிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அடக்கமான பிள்ளை என்று அவரையும் ஊரே மெச்சியது.

மகனைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு ஒரே ஒரு வரி. மண்சோறு விளையாட்டில் அவளும்தானே இருக்கிறாள். அது அவளுக்குப் பிடிக்குமா, வேறு என்ன பிடிக்கும்? இன்றைக்கே அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.