மரை எண்ணிப் போட்டார், டயர் ஏன் தேய்ந்தது?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் இருக்கிறது. 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்ததால் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினோம். அலைன்மெண்ட் பார்க்கணுமா என்று கேட்டதற்கு, "மரை எண்ணிப் போட்டிருக்கேன் சார், வண்டி இழுத்தா மட்டும் வாங்க" என்றார் மெக்கானிக். இழுக்கவே இல்லை, ஆனால் ஸ்டியரிங் லேசாக வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 2,000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன், இப்போது பார்த்தால் இடது முன் டயரின் உள்ஓரம் தேய்ந்திருக்கிறது. முதலிலேயே பார்த்திருக்கணுமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பார்த்திருக்கணும், அதுவும் அன்றைக்கே. நீங்கள் மாற்றிய நான்கில் லிங்க் ராடுக்கும் அலைன்மெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, அது வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கிற கம்பியின் இணைப்பு, அவ்வளவுதான். மற்ற மூன்றும் அப்படி இல்லை. சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கணும், உள்பக்கமோ வெளிப்பக்கமோ எவ்வளவு சாய்ந்து நிற்கணும் என்பதை முடிவு செய்வதே அவைதான், அதை அளந்து சரி செய்வதுதான் அலைன்மெண்ட்.

மரை எண்ணுவது தப்பான வேலை என்று சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பியின் நுனிதான் டை ராட் எண்ட். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றி லாக் நட்டை இறுக்குவார்கள். வண்டியை அலைன்மெண்ட் கடை வரைக்கும் பத்திரமாக ஓட்டிப் போக அது போதும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஏனென்றால் புது எண்ட் வேறு கம்பெனியுடையதாக இருந்தால் மரை தொடங்குகிற இடத்திலிருந்து பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) வரைக்கும் உள்ள நீளம் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம், எண்ணியது சரியாகவே இருந்தாலும் நீளம் தப்பிப் போகும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ராட் சக்கரத்தைத் திருப்புகிற கை சின்ன கார்களில் 13 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும் என்பதால், ராடில் முக்கால் மில்லிமீட்டர் மாறினாலே சக்கரம் மூன்றில் ஒரு பங்கு டிகிரி திரும்பிவிடும். முக்கால் மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ அரைச் சுற்று மரை.

சக்கரம் அரை டிகிரி திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. 14 இஞ்ச் ரிம்மில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். ஆனால் வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போகும்போது அந்தச் சக்கரம் 8.7 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. உங்கள் 2,000 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், பதினேழு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ரப்பர் என்ன ஆகும்?

அப்புறம் லோயர் ஆர்ம், சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை வண்டியோடு பிடித்திருக்கிற கை. "அதில் அட்ஜஸ்ட் பண்ண ஒன்றும் இல்லையே, பழையது இருந்த இடத்தில் புதியது, அப்படியே போல்ட் போட வேண்டியதுதான்" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. உங்கள் பழைய ஆர்மில் ரப்பர் புஷ் தேய்ந்து பால் ஜாயிண்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கும், அதனால்தானே சத்தம். கடைசியாக நீங்கள் அலைன்மெண்ட் செய்தபோது அந்தத் தேய்ந்த ஆர்மை வைத்துத்தான் டோ, அதாவது சக்கரம் பார்க்கிற திசையை, சரி செய்திருப்பார்கள். இப்போது புது ஆர்ம் சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தை அது இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளுகிறது, டை ராட் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. ஆர்ம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் டோ மாறாமல் இருக்காது. ஷாக்கும் அதே கதைதான், ஸ்விஃப்ட் மாதிரி ஸ்ட்ரட் வண்டியில், அதாவது ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற வண்டியில், ஷாக்கும் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளும் இரண்டு போல்ட்டில் சேர்கின்றன, அந்தத் துளையில் போல்ட்டுக்கு மயிரிழை இடம் இருக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்து இறுக்கினார்களோ அதுதான் உங்கள் கேம்பர், சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு. இடது டயர் மட்டும் உள்ஓரம் தேய்ந்திருப்பதால் எனக்கு இந்த இடத்தின் மேல்தான் சந்தேகம்.

வண்டி ஏன் இழுக்கவில்லை? முன்சக்கரம் இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளி, தப்பை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு வண்டியை நேராகவே ஓட்டிவிடும். அந்தப் பங்கு போட்டதற்கான சாட்சிதான் உங்கள் கோணல் ஸ்டியரிங். ஒரு காலத்தில் நானும் "இழுக்கலையே" என்று நம்பி ஒரு ஜோடி டயரைத் தொலைத்தவன். அதற்கப்புறம் கற்றுக்கொண்ட சோதனை ஒன்று: டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழ என்றும் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரியும் பட்டால் டோ தப்பு. டயருக்குள் இருக்கிற கம்பி வெளியே நீட்டியிருந்தால் கையைக் கிழித்துவிடும், பார்த்துத் தடவுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நாலு டயரிலும் காற்று சரியாக வைத்து, டிக்கியில் மூட்டை இருந்தால் இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். சரி செய்வதற்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அதைத் தராமல், அளவு சரியானால் திரையில் வருகிற பச்சையை மட்டும் பார்த்து "ஓகே சார், பச்சை வந்துடுச்சு" என்று அனுப்பி வைக்கிற கடை எனக்குப் பிடிக்காது. ஸ்டியரிங்கை நேராக வைத்து லாக் மாட்டிவிட்டுத்தான் டை ராடைத் தொடணும். கூடவே உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்றபோது இறுக்கினாரா, இல்லை லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டாரா? தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். தளர்த்தி மறுபடி இறுக்க அரை மணி நேரம்தான், ஆனால் அதை அலைன்மெண்டுக்கு முன்னால் செய்யணும்.

தேய்ந்த டயரை, கம்பி தெரியாமலும் 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாளத்தைத் தொடாமலும் இருந்தால், தொடர்ந்து ஓட்டலாம்.

கேள்வி: ஐ10 காரில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டு மட்டும் மாற்றினேன். அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டவே கூடாது என்கிறார்கள். உண்மையா? – வாசகி, கோவை

பதில்: இல்லை. உங்கள் வண்டியில் பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இருக்கின்றன, அதைப் பிடித்திருப்பது ஆக்ஸில் புஷ்கள். ஸ்விஃப்டின் முன் ஷாக் மாதிரி இல்லை, இந்தப் பின் ஷாக் குதிப்பை மட்டும் அடக்குகிறது, சக்கரத்தின் திசையில் அதற்கு வேலை இல்லை. ஆக்ஸில் புஷ் மாற்றியிருந்தால் மட்டும் அளந்து பார்ப்பது நல்லது. பின்பக்கம் அட்ஜஸ்ட்மெண்ட் இல்லாவிட்டாலும் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை மெஷின் சொல்லிவிடும்.

கேள்வி: 2012 இன்னோவா. முன்பக்கம் பால் ஜாயிண்ட் மாற்றிய பிறகு அலைன்மெண்டுக்குப் போனால், "கேம்பர் அவுட்டு, ஜாக்கி போட்டு வளைச்சுத்தான் எடுக்கணும்" என்று தனியாகக் காசு கேட்கிறார்கள். விடலாமா? – வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் இன்னோவாவில் லோயர் ஆர்ம் சேஸிஸில் சேருகிற இடத்திலேயே கேம் போல்ட் இருக்கிறது. அதைத் திருப்பினால் கேம்பரும் காஸ்டரும் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்-பின் சாய்வு) மாறும், கம்பெனியே அதற்காகத்தான் வைத்திருக்கிறது. பல வருடம் மழைத் தண்ணீரில் ஊறித் துருப்பிடித்து நகராமல் நிற்கும், அதைக் கழற்றுகிற சிரமத்துக்கு ஜாக்கி சுலபம் என்று நினைக்கிறார்கள். துருநீக்கி எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் போல்ட்டையும் புஷ்ஷையும் மாற்றுங்கள். நல்ல இரும்பை வளைத்து எண்ணைப் பச்சையாக்குவது வைத்தியம் இல்லை. ஸ்ட்ரட் வண்டிக்காரர்களுக்கும் இதேதான், அங்கே ஜாக்கி போட்டால் ஷாக் ராட் வளைந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிடும்.

கேள்வி: புது டயர் மாட்டி, இரண்டு தடவை அலைன்மெண்ட் செய்தும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பிரிண்டில் எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரம் சரிந்திருப்பவை, இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு வண்டி லேசாக இடது பக்கம் போவது இயல்பு. கையை எடுத்த உடனே திரும்புகிறது என்றால்தான் கவலைப்படணும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு முன் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே சூடு என்றால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள் (ஒரே திசையில் சுழல வேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால் சோதனைக்கு மட்டும்). இழுப்பு வலப்பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான், டயர் வாங்கிய கடையில் போய்க் கேளுங்கள், அலைன்மெண்டுக்கு மூன்றாவது தடவை காசு கொடுக்க வேண்டாம்.